பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா பார்த்தது

"அந்தப் பெண்ணின் சொந்த முடி நெற்றியில் தெரிகிறதே, கவனித்தாயா?" என்று அம்மா கேட்டார். கெய்ரோவில் ஒரு விடுதி அறை, இரவு ஒன்பது மணி இருக்கும். அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று பகலில் எடுத்த படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். மொத்தம் 412 படங்கள். எந்தப் பெண் என்று கேட்டேன். "வெள்ளை உடுத்திக்கொண்டு கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, அவள்தான். தலையில் பொய்முடி வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே அவளுடைய சொந்த முடி, வகிடு எடுத்து வாரியது, இரண்டு பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. பொய்முடி என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றே அந்தச் சிற்பி அப்படிச் செதுக்கியிருக்கிறான்" என்றார்.

அந்தச் சிலையை நானும் பார்த்திருந்தேன். பார்த்ததற்குச் சாட்சியாக மூன்று படங்கள் இருந்தன. ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். கனத்த கறுப்புப் பொய்முடியின் கீழ் விளிம்புக்கும் நெற்றிக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இன்னொரு முடி, வழவழவென்று வாரிவிட்டது. என் தலையைப் பள்ளிக்கூடம் முடியும்வரை தினமும் பின்னிவிட்டவர் அம்மா. அந்தக் கண்ணுக்கு அது தப்பவில்லை. மூன்றாவது படம் அறையைப் பொதுவாக எடுத்தது. அதன் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் புடவைத் தலைப்பு தெரிந்தது. நான் படம் எடுத்த கையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அவர் அங்கேயே இருந்துவிட்டார்.

இது நடந்தது 2019 ஜனவரியில். அதற்குப் பிறகு வேறு பல ஊர்களில் வேறு பல அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கிறேன். எங்கே போனாலும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. பெரிய அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறேன், ஏதாவது யோசனை சொல் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் என் வாயில் முதலில் வருவது அந்தப் பெஞ்சுதான்.

நான்கு மணி நேரம்

கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் எகிப்திய அருங்காட்சியகம் இருக்கும் அந்த இளஞ்சிவப்புக் கட்டடம் 1902-ல் திறக்கப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் அதன் பொறுப்பில் இருந்தன. எங்கள் குழுவுக்கு ஒதுக்கப்பட்டது நான்கு மணி நேரம். நான் வீட்டிலிருந்தே பட்டியல் போட்டு எடுத்துப்போயிருந்தேன். நார்மர் மன்னரின் கல் பலகை, காஃப்ரே மன்னரின் சிலை, ஆக்நாத்தென் மன்னரின் நீண்ட முகங்கள், மாடியில் துட்டன்காமுன் மன்னரின் தங்க முகமூடி, அரச மம்மிகள் என்று முப்பத்தெட்டு உருப்படிகள். ஒவ்வொன்றையும் பார்த்ததும் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அரை மணி நேரத்திலேயே வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் ஓர் அறையில் பெஞ்சு ஒன்று இருந்தது. "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றார். அவரைத் தனியாக விடுகிறோமே என்று மனம் உறுத்தியது. ஆனாலும் போனேன். பட்டியலில் இன்னும் முப்பது பாக்கி இருந்தன.

அந்த முப்பதில் இன்று எனக்கு எது நினைவிருக்கிறது என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தால், முகமூடி வைத்திருந்த அறையில் எனக்கு முன்னால் நின்றவரின் கழுத்துப்பட்டை நினைவிருக்கிறது. மாடிப்படியின் தேய்ந்த விளிம்பு நினைவிருக்கிறது. முகமூடியும் நினைவிருக்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். பிறகுதான் புரிந்தது, என் மனத்தில் இருப்பது சிறுவயதில் பாடப்புத்தகத்தில் பார்த்த முகமூடி. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பொன்னை மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தவளுக்குப் புதிதாக ஒரு வரிகூடச் சேரவில்லை. திரும்பி வந்தபோது பட்டியல் முழுவதும் கோடு விழுந்திருந்தது. அம்மா அதே பெஞ்சில் இருந்தார். அலுத்துப்போயிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவு அவர் சொல்லத் தொடங்கியபோது எனக்குப் பேச வாய் எழவில்லை. கணவனுக்குச் செம்பழுப்பு நிறம், மனைவிக்கு வெளிர் மஞ்சள் பூசியிருக்கிறார்கள், அவன் வெயிலில் அலைபவன், இவள் வீட்டுக்குள் இருப்பவள் போலிருக்கிறது என்றார். அவனுக்குக் கோடு போட்டது போல மெல்லிய மீசை இருக்கிறது என்றார். அவளுடைய ஒரு கை போர்வைக்குள் மறைந்திருக்கிறது, ஆனால் துணிக்கு அடியில் அந்தக் கையின் வடிவம் அப்படியே தெரிகிறது, கல்லில் எப்படித் துணியைக் காட்டினான் என்று வியந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது" என்றார். குள்ளமான ஒரு மனிதர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்களுக்குக் கால்கள் தொங்க வேண்டிய இடத்தில் அவருக்குக் கால் இல்லை. அந்த வெற்றிடத்தில் இரண்டு குழந்தைகளையும் நிறுத்தியிருக்கிறான் சிற்பி. மனைவி அவர் தோளைச் சுற்றிக் கைபோட்டிருக்கிறாள், முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. "குறையை மறைக்கவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை பார்" என்றார்.

அது செனெப் குடும்பத்தின் சிலை. அரண்மனையில் பெரிய பதவிகள் வகித்தவர் அவர். என் பட்டியலில் அவர் இருந்தார், எண் பதினொன்று. கோடு போட்டிருந்தேன்.

மறுநாள்

மறுநாள் எங்களுக்கு ஓய்வு நாள். கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தோம். காலையில் நான்தான் சொன்னேன், மறுபடி அங்கேயே போகலாம் என்று. திறந்தவுடன் உள்ளே நுழைந்து நேராக அந்த அறைக்குப் போய், அம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் எழுந்து போய்விடுகிறார்கள். கண் ஏற்கெனவே பார்த்ததையே மறுபடி பார்த்தது. கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. அம்மா எதுவும் பேசவில்லை. அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அந்தக் கணவன் ராஹோதெப்பின் இறுக மூடிய இரண்டு கை முட்டிகளைக் கவனித்தேன். ஒன்று மார்பின் மேல், ஒன்று தொடையின் மேல். அவருக்குப் பக்கத்தில் மனைவி நோஃப்ரெத்தின் கையோ விரல்கள் நீட்டி, திறந்திருந்தது. ஒரே கல்லறைக்காக, ஒரே காலத்தில் உருவான இரண்டு உருவங்கள். ஒருவர் விறைப்பாக இருக்கிறார், ஒருவர் இளகியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு அவர்களை வெறும் 'ஜோடிச் சிலை' என்று பார்க்க முடியவில்லை. அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று மனம் ஓட ஆரம்பித்தது.

பிறகு கண்கள். அந்தக் கண்கள் படிகக்கல் பதித்தவை. நாம் கொஞ்சம் அசைந்தால் ஒளி அவற்றில் நகர்கிறது. 1871-ல் மெய்தும் என்ற இடத்தில் அவர்களுடைய கல்லறையைத் திறந்தபோது, விளக்கோடு முதலில் நுழைந்த தொழிலாளி இருட்டில் இரண்டு ஜோடிக் கண்கள் மின்னுவதைக் கண்டு அலறியடித்து வெளியே ஓடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையை நான் வீட்டில் படித்திருந்தேன். முதல் நாள் சிலைக்கு முன்னால் நின்றபோது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. இரண்டாம் நாள் வெளியே வெயில் ஏறி, கூடத்துக்குள் வெளிச்சம் மாறியபோது, நோஃப்ரெத்தின் வலக்கண்ணில் ஒரு புள்ளி ஒளி எழுந்து நின்றது. என் கை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. கிட்டத்தட்ட 4600 ஆண்டுகளுக்கு முன் பதித்த கல். அந்தத் தொழிலாளி ஏன் ஓடினார் என்று அந்த நொடியில் உடம்புக்குத் தெரிந்தது.

அதே அறையில் மெய்தும் வாத்துகள் என்ற ஓவியமும் இருந்தது. ஆறு வாத்துகள். மூன்று இடப்பக்கம் போகின்றன, மூன்று வலப்பக்கம். இரண்டு கோடியிலும் இருப்பவை குனிந்து மேய்கின்றன. முதல் நாள் அதை நான் படமாக எடுத்து நான்கு நொடியில் கடந்திருப்பேன். இரண்டாம் நாள் அம்மாதான் சொன்னார், இறகுகளின் வரிசை ஒவ்வொரு வாத்துக்கும் வேறாக இருக்கிறது என்று. எழுந்து போய் அருகில் நின்று பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றேன். இப்படியே ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. ஓர் அறை, மூன்று பொருட்கள். என் வாழ்நாளில் எந்த அருங்காட்சியகத்திலும் அதற்கு முன் அவ்வளவு பார்த்ததில்லை.

நாம் ஏன் ஓடுகிறோம்

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லட்சம் பொருட்கள், ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 833 மணி நேரம். தினமும் எட்டு மணி நேரம் பார்த்தால் நூறு நாளைத் தாண்டும். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ எண்பது லட்சம் பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் ஒரு சதவீதம்தான் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதாவது அந்த அருங்காட்சியகமே 'எல்லாவற்றையும்' காட்டுவதில்லை. அவர்களே நூற்றில் ஒன்றைப் பொறுக்கித்தான் வைக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் முடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறோம்? செலவழித்து வந்துவிட்டோம், மறுபடி வர முடியுமோ முடியாதோ என்ற அச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த அச்சம் நியாயமானது. வெகு தொலைவிலிருந்து பணம் சேர்த்து வருபவரிடம் நிதானமாகப் பாருங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் மறுபடி வர முடியாது என்பதாலேயே, எடுத்துப்போவது கையில் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் அல்லவா? நான்கு மணி நேர ஓட்டத்தில் நான் எடுத்துவந்தது ஒரு கழுத்துப்பட்டையும் ஒரு மாடிப்படியும்.

களைப்பு என்பது மனத்தில் மட்டும் இருப்பதில்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் 1916-லேயே 'அருங்காட்சியகக் களைப்பு' என்ற பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப்பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது, மண்டியிட வேண்டியிருக்கிறது, கழுத்தை வளைக்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் நம் இடுப்பு அதைத்தான் சொல்கிறது. நடையும் இல்லாமல் நிலையும் இல்லாமல் கல்தரையில் நகர்ந்துகொண்டே இருப்பது நேர் நடையைவிட அதிகம் வலிக்கும். ஆகவே பெஞ்சைக் கண்டால், வலி வருவதற்கு முன்பே உட்காருங்கள். எந்த அறையில் பெஞ்சு இருக்கிறதோ அந்த அறையை உங்கள் அறையாக்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பார்க்கும் பொருளில் கண் தங்குகிறது. நின்று பார்க்கும்போது கால் அடுத்ததற்குக் கிளம்பிவிடுகிறது.

படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் ஆய்வாளர் ஓர் அருங்காட்சியகத்தில் சோதனை செய்து பார்த்தார். சில பொருட்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருட்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கேள்விதான் ஞாபகம் வந்தது. முழுச் சிலையை மூன்று முறை எடுத்த நான் அந்த நெற்றி முடியை மட்டும் எடுத்திருந்தால், குறைந்தபட்சம் அதைப் பார்த்திருப்பேன். இப்போது என் பழக்கம் இது: முதலில் கண்ணால் பார்த்து முடிப்பேன். பிறகு எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறு பகுதியை, ஒரு விரலையோ ஒரு முடிச்சையோ, ஒரே ஒரு படம் எடுப்பேன். முழுச் சிலையின் நல்ல படம் எப்படியும் இணையத்தில் கிடைக்கும்.

இப்போது நான் போகும் விதம்

கெய்ரோவுக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதை. நாங்கள் போனபோது எல்லாமே தஹ்ரீரில் இருந்தது போலத்தான். இன்று நிலைமை வேறு. 2021 ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு, 18 அரசர்களும் 4 அரசிகளுமாக 22 மம்மிகள் ஊர்வலமாக ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கீசா பிரமிடுகளுக்கு அருகில் கட்டப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது. துட்டன்காமுன் கல்லறைப் பொருட்கள் அனைத்தும் இப்போது அங்கேதான், முதல்முறையாக ஒரே இடத்தில். வாசலைக் கடந்ததும் 11 மீட்டர் உயரத்தில் மன்னர் இரண்டாம் ராம்சேஸ் சிலையாக நிற்கிறார், 83 டன் எடை. ஒரே நாளில் இரண்டு அருங்காட்சியகம் என்று தயவுசெய்து திட்டம் போடாதீர்கள். மாலையில் பார்க்கும் கல் எல்லாம் காலையில் பார்த்த கல்லாகவே தெரியும்.

பட்டியலை நான் கைவிடவில்லை, சுருக்கிவிட்டேன். ஐந்து. அந்த ஐந்தைப் பற்றியும் போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொள்வேன். கண்டெடுத்த இடம், ஆண்டு, அதைச் செய்த பொருள் எங்கிருந்து வந்தது, இவ்வளவு போதும். அங்கே போன பிறகு குறிப்பட்டையில் முதலில் தேடுவதும் 'எங்கே கிடைத்தது' என்ற வரியைத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் ஓர் இடத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டது. கோயில் குழியில் கிடந்ததா, இருண்ட கல்லறையில் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகவே வைத்ததா, கொல்லையில் தூக்கிப்போட்ட உடைசலா என்று தெரிந்தால் பார்வை மாறிவிடுகிறது. நோஃப்ரெத் மின்விளக்குக்காகச் செய்யப்பட்டவள் இல்லை, இருட்டுக்காகச் செய்யப்பட்டவள். அது தெரிந்த பிறகுதான் அந்தப் படிகக் கண்ணுக்கு அர்த்தம் கிடைத்தது.

பின்பக்கம் போய்ப் பார்க்கச் சுற்றுவழி இருந்தால் விடவே கூடாது. காஃப்ரேயின் சிலையை முன்னால் நின்று பார்த்தால் கம்பீரமான ஓர் அரசர் மட்டும்தான் தெரிவார். பக்கவாட்டில் நகர்ந்தால்தான், அவர் தலைக்குப் பின்னால் ஒரு வல்லூறு சிறகை விரித்து அவரை அணைத்துக்கொண்டிருப்பது தெரியும். ஹோரஸ் என்ற கடவுள் அது. முன்னாலிருந்து வணங்குகிறவர் கண்ணுக்கு அந்தக் காவல் தெரியாமல் செதுக்கியிருக்கிறார்கள். கல்லும் சாதாரணக் கல் இல்லை, எங்கோ தெற்கே பாலைவனக் குவாரியிலிருந்து வந்த மிகக் கடினமான பாறை. இரும்புக் கருவி புழங்காத காலத்தில் அதைத் தேய்த்துத் தேய்த்தே இந்த வழவழப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நார்மர் பலகையும் அப்படித்தான். ஏறத்தாழ 5000 ஆண்டு பழையது. இரண்டு பக்கமும் செதுக்கியது. கூட்டம் ஒரு பக்கத்தில் நிற்கும். மறுபக்கத்தில், பாம்பு போன்ற நீண்ட கழுத்துள்ள இரண்டு விலங்குகள் கழுத்தைப் பின்னிக்கொண்டு நடுவில் ஒரு வட்டக் குழியை உண்டாக்குகின்றன. கண்மை அரைக்கும் பலகைகளில் இருக்கும் குழி அது. அரசனின் வெற்றியைச் சொல்லும் கல்லுக்கு அடிப்படை ஒப்பனைப் பலகை என்பது அந்தக் குழியைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் நுழைந்தவுடன் எங்கே போகிறார்களோ, அங்கே கடைசியாகப் போங்கள். அல்லது முதல் ஆளாக நேரே கடைசி அறைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள்.

மம்மிகளைப் பற்றி மட்டும் எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. அவை பொருட்கள் இல்லை. பெயரும் தாயும் தகப்பனும் இருந்த மனிதர்கள். நான் முதல் நாள் அவர்களையும் எண் போட்டுக் கடந்தேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. இறந்தவர் வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடந்துகொண்டால் போதும். போக மனம் வராதவர்கள் போகாமலும் இருக்கலாம், அதனால் எதையும் இழந்துவிட மாட்டார்கள்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துப்போகிறவர்களுக்கு ஒன்று: அவர்கள் நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். "வா வா, இன்னும் நிறைய இருக்கிறது" என்று இழுக்காதீர்கள். ஒரு குழந்தை ஒரு மரப் படகின் முன்னால் பத்து நிமிடம் நிற்கிறது என்றால், அதற்கு அன்றைய அருங்காட்சியகம் கிடைத்துவிட்டது.

ஏழரை சென்டிமீட்டர்

இரண்டாம் நாள் பெஞ்சிலிருந்து எழுந்த பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் தேடிப் போனோம். முதல் நாள் அது என் பட்டியலில் இல்லை. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய குஃபு மன்னரின் உருவம். கட்டி முடித்தபோது 146 மீட்டர் உயர்ந்து நின்ற அந்தப் பிரமிடில் ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் இருக்கின்றன என்பார்கள். அதைக் கட்டியவருக்கு முழுமையாகக் கிடைத்த ஒரே உருவச்சிலை தந்தத்தில் செதுக்கியது. உயரம் ஏழரை சென்டிமீட்டர். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பெட்டிக்கு அருகில் குனிந்தால்தான் முகமே தெரியும். அரியணையில் உட்கார்ந்து, தலையில் கிரீடத்தோடு, கையில் ஒரு சாட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். இது அவர் காலத்தில் செய்ததல்ல, வெகுகாலம் கழித்துச் செய்தது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. அந்த வாதம் என் பார்வையைப் பாதிக்கவில்லை. என்னை நிறுத்தியது அந்த உருவம் கிடைத்த விதம்.

1903-ல் எகிப்தில் அபிடோஸ் என்ற இடத்தில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளரின் குழு தோண்டிக்கொண்டிருந்தது. முதலில் கிடைத்தது தலை இல்லாத உடல். அரியணையில் இருந்த பெயரை வைத்து அது குஃபு என்று தெரிந்தது. கழுத்தில் இருந்த உடைப்பு புதிதாக இருந்தது. அப்படியென்றால் தோண்டும்போதுதான் தலை உடைந்திருக்க வேண்டும், அது அந்த மண்குவியலுக்குள்தான் இருக்க வேண்டும். பெட்ரி வேலையை நிறுத்திவிட்டு, அள்ளிக் கொட்டிய மண் முழுவதையும் சலிக்கச் சொன்னார். மூன்று வாரம் சலித்தார்கள். அவ்வளவு சிறிய ஒரு தலைக்காக, பாலைவன வெயிலில், மூன்று வாரம். கடைசியில் கிடைத்தது.

துட்டன்காமுன் கல்லறையும் அப்படித்தான். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்தார். உள்ளே இருந்த 5398 பொருட்களைப் பதிவுசெய்து, பதப்படுத்தி, வெளியே கொண்டுவந்து முடிக்கப் பத்தாண்டு பிடித்தது. நான் அந்த மாடியை நாற்பது நிமிடத்தில் கடந்திருந்தேன். அம்மாவுக்குப் பெட்ரியின் கதையைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மறுபடி குனிந்தார். முழங்கால் வலியோடு வெகுநேரம் அப்படியே நின்றார். "கழுத்தில் ஒட்டிய கோடு தெரிகிறதா என்று பார்க்கிறேன்" என்றார். எனக்குப் பின்னால் ஒரு குழு வந்தது, படமெடுத்தது, போயிற்று. இன்னொரு குழு வந்தது. நான் அம்மாவுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டேன், யாரும் அவரை இடித்துவிடாமல்.

புதிய அருங்காட்சியகம் திறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் அம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். ராம்சேஸையும், அந்த நீண்ட படிக்கட்டையும், வாணவேடிக்கையையும் காட்டினார்கள். துட்டன்காமுனின் பொருட்கள் ஐயாயிரமும் இப்போது அங்கே இருக்கின்றன, காலுக்கு முடிந்தால் இன்னொரு முறை போய் வரலாமா என்று கேட்டேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தப் பெண்ணையும் அவள் கணவனையும் எங்கே உட்கார்த்தியிருக்கிறார்கள் என்று முதலில் கேள். எதிரே பெஞ்சு இருக்கிறதா என்றும் கேள்" என்றார்.